"புலவர்" என்றொரு குடும்பப்பெயர்: நூற்பட்டியல் தளம் ஒன்றைத் திருத்திய கதை

புலவர், அ. க.

இந்தப் பெயரில் ஓர் எழுத்தாளர் எங்கள் நூற்பட்டியல் தளத்தில் பத்து வருடத்துக்கு மேல் குடியிருந்தார். அது சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) என்று பிடிபட எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. அவருக்குக் கீழே இன்னும் சில "புலவர்"கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல வரிசையாக நின்றார்கள். நகர வரிசையில் "நாவலர், ஆ." இருந்தார். ஞகர வரிசையில் "ஞானப்பிரகாசர், ச." இருந்தார். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசருக்கு (1875–1947) 'ச' என்ற முதலெழுத்து எங்கிருந்து வந்தது? 'சுவாமி'யை யாரோ பெயர் என்று எடுத்து அதன் தலையைக் கிள்ளியிருக்கிறார்கள். கிள்ளியதும் சரியாகக் கிள்ளவில்லை. 'சு' வந்திருக்க வேண்டிய இடத்தில் உகரம் உதிர்ந்து 'ச' மட்டும் மிஞ்சியிருந்தது.

யாரோ என்றால் மனிதர் எவரும் இல்லை, மென்பொருள். அது ஏன் அப்படிச் செய்தது, நாங்கள் என்ன செய்தோம், எதில் தோற்றோம் என்பதை எழுதி வைத்தால் இதே வேலையில் இறங்கும் இன்னொருவருக்கு உதவும்.

தளம் எப்படி இருந்தது

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இயங்கும் ஒரு சிறிய ஆய்வு வட்டத்தின் பட்டியல் இது. யாழ்ப்பாணத்தைப் பற்றியும் யாழ்ப்பாணத்தவர் எழுதியதுமான ஆய்வு நூல்கள், கட்டுரைகள், ஆய்வேடுகள் என்று இரண்டாயிரத்தை நெருங்கும் பதிவுகள். 1981இல் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு இந்த ஊரில் நூற்பட்டியல் போடுவது வெறும் அலுவலக வேலையாக இருப்பதில்லை. எங்கள் பட்டியலிலேயே சில பதிவுகளின் கீழ் "பிரதி கிடைக்கவில்லை" என்று குறிப்பு இருக்கிறது. அந்த நூலைப் பற்றி எங்களிடம் இருப்பது அந்த ஒரு வரிதான். அந்த வரியில் ஆசிரியர் பெயரைப் பிழையாகக் காட்டினால் அவரையும் சேர்த்துத் தொலைத்ததாகிவிடும்.

தளத்தைக் கட்டியவர் அப்போது மாணவர், இப்போது வெளிநாட்டில். அவர் எடுத்துக்கொண்ட கருவி எக்ஸிபிட். எம்ஐடியில் சிமிலி என்ற திட்டத்தின் கீழ் பிறந்தது. அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை 2007இல் வந்தது. தரவுத்தளமோ சேர்வரில் ஓடும் நிரலோ தேவையில்லை. ஒரு ஜேசன் தரவுக் கோப்பையும் ஒரு எச்டிஎம்எல் பக்கத்தையும் வைத்தால் போதும், பக்கவாட்டில் ஆசிரியர், ஆண்டு, இடம், வகை என்று வடிகட்டிப் பெட்டிகள் வந்துவிடும். ஒன்றைச் சொடுக்கினால் மற்றவை சுருங்கும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை பதிவு என்று எண்ணிக்கை நிற்கும். நூல் விவரங்களைப் பதிந்து வைக்கும் பிப்டெக் என்ற வடிவத்திலுள்ள கோப்பை அந்த ஜேசனாக மாற்றித் தர பேபல் என்று ஒரு துணைக் கருவியும் இருந்தது. காசில்லாத, கணினி ஆள் இல்லாத ஒரு வட்டத்துக்கு அந்தக் காலத்தில் இதைவிட நல்ல தெரிவு கிடைத்திருக்காது. அந்த மாணவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒருநாள் காலை பக்கம் வெள்ளையாகிவிட்டது. நூலகர் அக்கா போன் எடுத்தார். "தம்பி, எங்கட பட்டியலை ஆரோ துடைச்சுப்போட்டினம், ஒருக்கா வந்து பாருங்கோ."

ஒருவரும் துடைக்கவில்லை. தளம் இருந்த சேர்வரை அதற்கு முதல் நாள்தான் பூட்டுப் போட்ட முகவரிக்கு, அதாவது எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றியிருந்தார்கள். எக்ஸிபிட் நிரலையோ பக்கம் வெளியிலுள்ள ஒரு பழைய பூட்டில்லா முகவரியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது. பாதுகாப்பான பக்கத்துக்குள் பாதுகாப்பில்லாத நிரலை எந்த உலாவியும் விடாது. நிரலைத் தரவிறக்கி எங்கள் சேர்வரிலேயே வைத்தேன். அரை மணி நேர வேலை. பட்டியல் திரும்பி வந்தது.

கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பட்டியலை முதல் தடவை கண் வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். "புலவர், அ. க."வைக் கண்டதும் அன்றைக்குத்தான்.

பெயர்

பிப்டெக் 1985இல் வந்தது. அதற்குப் பெயர் என்றால் முற்பெயர், குடும்பப்பெயர். நடுவில் காற்புள்ளி இல்லாவிட்டால் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயராக எடுக்கும். "க. கைலாசபதி" என்று எழுதினால் 'கைலாசபதி' குடும்பப்பெயராகி, 'க.' முற்பெயராகிவிடும். பட்டியலில் "கைலாசபதி, க." என்று வரும். தமிழ் நூலக வழக்கும் அதுதான். கருத்து பிழை, விடை சரி. இந்த அதிர்ஷ்டம்தான் பத்து வருடமாக எல்லோர் கண்ணையும் மறைத்தது. முதலெழுத்தும் ஒற்றைச் சொற்பெயரும் உள்ள பெரும்பாலான பதிவுகள் ஒழுங்காகத் தெரிந்தபடியால் மீதியை ஒருவரும் தேடிப் பார்க்கவில்லை.

பின்னொட்டோடு வரும் பெயர்களில் அதிர்ஷ்டம் கைவிட்டது. நாவலர், புலவர், பிள்ளை என்பன தனிச்சொல்லாக அச்சாகியிருந்தால் அதுவே குடும்பப்பெயர். "ஆறுமுக நாவலர்" "நாவலர், ஆ." ஆனது அப்படித்தான். முன்னொட்டுகள் இன்னொரு வகையில் மாட்டின. "கலாநிதி", "பேராசிரியர்", "பண்டிதர்", "சேர்" எல்லாம் முற்பெயராகி, முதலெழுத்தாகச் சுருங்கி, ஆசிரியரின் உண்மையான முதலெழுத்தோடு கலந்துவிட்டன.

முதலில் நான் செய்தது, கணினிக்காரன் எவனும் செய்வது: விதி எழுதினேன். இந்தச் சொற்கள் முன்னால் வந்தால் வெட்டு, அந்தச் சொற்கள் பின்னால் வந்தால் ஒட்டு, புள்ளியோடு வரும் ஓரெழுத்து முதலெழுத்து. மூன்று நாள் ஓடியது. விதிகள் முப்பதைத் தாண்டின. பிறகு பொன். இராமநாதன் (1851–1930) வந்தார். 'பொன்.' ஓரெழுத்தா? தகப்பனார் பொன்னம்பலத்தின் சுருக்கம் அது, நிரலுக்கோ அது ஒரு சொல். அதற்கும் ஒரு விதி போட்டேன். அடுத்தது எம். ஏ. நுஃமான். இங்கே முதலெழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் தமிழ் உச்சரிப்பு. 'எம்.' என்பதைச் சுருக்கி 'எ.' ஆக்கினால் அது வேறொருவர். மூன்றாம் நாள் இரவு விதிக் கோப்பை அழித்தேன்.

அழித்ததற்கு இன்னொரு காரணம், சுருக்கும் இடத்தில் நடந்த கூத்து. முற்பெயரை முதலெழுத்தாக்க நிரல் எழுத்துச் சரத்தின் முதல் குறியீட்டை எடுக்கிறது. யூனிகோடில் 'கா' ஒரு குறியீடல்ல. 'க' ஒன்று, துணைக்கால் இன்னொன்று. ஆகவே கார்த்திகேசு சிவத்தம்பி என்று முழுப்பெயரில் பதிந்திருந்த இடத்தில் "சிவத்தம்பி, க." என்று வந்தது. அவர் கா. சிவத்தம்பி (1932–2011). 'க.'வுக்கும் 'கா.'வுக்கும் வித்தியாசம் என்ன என்று வெளியூர் மென்பொருள் கேட்கலாம். இங்கே முதலெழுத்து தகப்பனின் பெயர். அதை மாற்றினால் ஆளே மாறிப்போவார். சோமசுந்தரத்தின் பிள்ளைக்குச் 'சோ.' போடாமல் 'ச.' போட்டால் சண்முகத்தின் பிள்ளையாக்கிவிடுகிறோம்.

எழுத்தலகைச் சரியாகப் பிரித்துத் தரும் வசதி ஜாவாஸ்கிரிப்டில் இப்போது உண்டு. (ஃபயர்ஃபொக்ஸில் அது வந்து சேர்ந்தது 2024இல்தான்.) அதைப் போட்டதும் 'கா' முழுதாக வந்தது. உடனே ஒரு ஸ்ரீஸ்கந்தராசா வந்து நின்றார். 'ஸ்' என்று வெட்டியது. அத்தோடு சரி என்று விட்டேன். பெயரை மென்பொருள் வெட்டவே கூடாது.

இறுதியில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் மூன்று புலங்கள் வைத்தோம். ஒன்றில், நூலின் முகப்பில் அச்சாகியிருப்பது அப்படியே: "சுவாமி ஞானப்பிரகாசர்", "பொன். இராமநாதன்". இரண்டாவதில், அகரவரிசையில் எங்கே போக வேண்டும் என்ற திறவு: "ஞானப்பிரகாசர், சுவாமி", "இராமநாதன், பொன்." இதைக் கையால்தான் எழுத வேண்டும், எழுதியது நூலகர் அக்கா. மூன்றாவதில், ஆளுக்கான எண். மேற்கோள் காட்டும் இடத்தில் நிரல் இந்த இரண்டு வடிவங்களில் ஒன்றை எடுத்துப் போடும், தானாக எதையும் செய்யாது. வெளியே கொடுக்கும் பிப்டெக் கோப்பில் பெயரை இரட்டை அடைப்புக்குள் வைக்கிறோம். அப்படி வைத்தால் பிப்டெக் அதைப் பிரிக்காது. சொட்டேரோ என்ற மேற்கோள் மென்பொருளைப் பாவிக்கிறவர்கள் பெயரை ஒற்றைப் புலத்துக்கு மாற்றிப் பதிந்தால் அதுவும் வெளியே தரும்போது இதையேதான் செய்கிறது.

மூன்றாவது புலத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் சண்டை நடந்தது. வட்டத்தின் மூத்தவர் ஒருவர், எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுகிறவர், எண் எதற்கு என்று கேட்டார். "ஆளுக்குப் பேர் இருக்கேக்கை நம்பர் ஏன் ஐசே? இது என்ன மறியல்வீடே?"

அவருக்கு இரண்டு உதாரணம் காட்டினேன். க. கைலாசபதி, கா. சிவத்தம்பி, கா. இந்திரபாலா மூவரும் ஆங்கிலத்தில் எழுதும்போது 'கே.' ஆகிறார்கள். சி. பத்மநாதன் 'எஸ்.' ஆகிறார். ஆங்கிலத்துக்குள்ளேயே இரண்டு வழக்கு: சிவத்தம்பி தன் ஆங்கில நூல்களில் 'எஸ்' என்ற எழுத்தில் தொடங்குகிறார், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிபெயர்ப்பு முறையில் சகரம் எப்போதும் ஆங்கில 'சி'. எங்கள் ஆசிரியர் பெட்டியில் ஒரே ஆள் மூன்று இடத்தில் நின்றார், ஒவ்வோர் இடத்திலும் அரைகுறை எண்ணிக்கையோடு.

இரண்டாவது உதாரணத்துக்கு மாஸ்டர் மறுப்புச் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு தகப்பனின் முதலெழுத்தை விட்டுக் கணவரின் முதலெழுத்தைப் போட்டுக்கொண்ட ஆய்வாளர்கள் பட்டியலில் பலர். இருபத்தைந்து வயதில் எழுதிய ஆய்வேடு ஓர் இடத்திலும் அதற்குப் பிறகு எழுதிய அத்தனையும் வேறோர் இடத்திலும் கிடந்தன. மாஸ்டரின் சொந்தத் தங்கச்சியும் அதில் ஒருவர். எண் வந்தபின் அவர்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரே பக்கம். மேலே எல்லாப் பெயர் வடிவங்களும், கீழே எல்லா எழுத்தும். எந்த நூலில் எந்தப் பெயர் அச்சாகியதோ அந்த வரியில் அதுவே நிற்கும்.

எழுத்து

தரவின் பழைய பகுதி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சாகி, பிறகு மாற்றியால் யூனிகோடானது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. தேடினால் கிடைக்காது. காரணத்தை இங்கே அருகருகே வைக்கிறேன், கண்ணைக் கூர்மையாக்கிப் பாருங்கள்:

ஆசிரியர் – ஆசிரியா்
சரித்திரம் – சாித்திரம்

பாமினியில் ரகரத்தின் காலும் துணைக்காலும் ஒரே சாயல். விரைவாக அடிக்கிறவர்கள் 'ர்' என்பதற்குத் துணைக்காலை அடித்து மேலே புள்ளி வைத்துவிடுவார்கள். கடதாசியில் ஒருவருக்கும் தெரியாது. யூனிகோடில் அது வேறு சொல். இதைத் திருத்துவது சுலபம். துணைக்காலுக்கு மேல் புள்ளியோ இகர விசிறியோ தமிழில் வரவே வராது, ஆகவே கண்ட இடமெல்லாம் ரகரமாக்கலாம். ஒரே இரவில் ஆயிரக்கணக்கான இடங்கள் திருந்தின.

அந்தத் துணிச்சலில் அடுத்ததையும் அப்படியே செய்தேன். 'கௌரி' என்பதைப் பலர் 'கெளரி' என்று, கொம்பும் ககரமும் தனி ளகரமுமாக அடித்திருந்தார்கள். கொம்போடு ளகரம் வந்தால் ஔகாரமாக்கு என்று ஒரு வரி. காலையில் அக்காவின் செய்தி வந்தது, திரைப்பிடிப்போடு. பதிப்பிட வடிகட்டியில் "வௌ்ளவத்தை" என்று ஓர் ஊர். கொழும்பு வெள்ளவத்தையில் அச்சான அத்தனை நூலையும் கெடுத்திருந்தேன். 'தெளிவு', 'வெள்ளி', 'பெளத்தம்' எல்லாம் ஒரே கொம்பும் ஒரே ளகரமும்தான், ஆனால் முதல் இரண்டும் சரி, மூன்றாவதுதான் பிழை. இது விதியால் தீராது, சொற்பட்டியலால்தான் தீரும். பட்டியலை அக்காவிடம் கொடுத்தேன், ஒரு பின்னேரத்தில் முடித்துத் தந்தார்.

இன்னொரு அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் முகவரி உருவாக்கும் நிரல் துண்டில், எழுத்து அல்லாத எல்லாவற்றையும் நீக்கு என்று எழுதியிருந்தேன். யூனிகோடின் கணக்கில் 'க' எழுத்து, ஆனால் காலும் கொம்பும் விசிறியும் புள்ளியும் எழுத்தல்ல, குறி. யாழ்ப்பாணம் "யழபபணம" ஆனது. அது இரண்டு நாள் தளத்தில் இருந்தது. குறிகளையும் சேர்த்துக்கொள் என்று ஒரு சொல் கூட்டினால் போதும், ஆனால் அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதிய எந்தப் பாடநூல் உதாரணத்திலும் நான் கண்டதில்லை.

அடுக்கு

யூனிகோடு குறியீடுகளின் எண் வரிசையில் அடுக்கினால் தமிழ் அடுக்காது. யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்துக்குப் பக்கத்தில், றகரம் ரகரத்துக்குப் பக்கத்தில், ஜகரம் சகரத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஆய்த எழுத்து அகரத்துக்கும் முன்னால். பழைய தளத்தில் கந்தையாவுக்கு அடுத்தது கனகசபை, அதற்குப் பிறகுதான் கமலாதேவி. பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி படித்த எவரும் கனகசபையைக் கமலாதேவிக்குப் பிறகுதான் தேடுவார். யாழ்ப்பாணத்தில் கனகரத்தினம், கனகசுந்தரம், கனகசபைகளுக்குக் குறைவா? அத்தனை பேரும் இடம் மாறிக் கிடந்தார்கள்.

தமிழுக்கான அடுக்கு விதி உலாவிகளிலேயே இருக்கிறது, மொழி தமிழ் என்று சொல்லி ஒப்பிடச் சொன்னால் போதும். சொன்னேன். என் மடிக்கணினியில் வந்த வரிசையும் சேர்வரில் வந்த வரிசையும் ஒன்றாக இருக்கவில்லை. ஒன்றில் கண்ணன் முன்னுக்கு, மற்றதில் கணபதிப்பிள்ளை முன்னுக்கு. அரைநாள் என் நிரலில் பிழை தேடினேன். பிழை நிரலில் இல்லை. சேர்வரில் இருந்தது, ஜாவாஸ்கிரிப்டை அங்கே ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸின் பழைய பதிப்பு. 2019இல் வந்த 13ஆம் பதிப்புக்கு முன் அது வழக்கமாக ஆங்கில மொழித் தரவை மட்டும் சுமந்து வந்தது. தமிழ் கேட்டால் இல்லை என்று சொல்லாது, சத்தம் போடாமல் பொது வரிசையைத் தரும். இல்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு அரைநாள் மிச்சம்.

சேர்வரைப் புதுப்பித்த பின்னும் ஒரு கேள்வி நின்றது. புள்ளி எழுத்து முன்னா, உயிர்மெய் முன்னா? அகராதிக்கு அகராதி வழக்கம் வேறு. இது என் வேலையில்லை என்று அக்காவிடம் விட்டேன். புள்ளி எழுத்து முன் என்றார். இலக்கணக்காரர் ஒருவர் வந்து மாற்றச் சொன்னால் ஒரு வரியை மாற்றலாம்.

ஆண்டு, இடம், வகை

பழைய நூல்களின் முகப்பில் ஆங்கில ஆண்டு இல்லாமல் தமிழ் வருடம் மட்டும் இருப்பதுண்டு: "விரோதி வருடம் தை மாதம்". அறுபதாண்டுச் சுற்றில் விரோதி 1889இலும் 1949இலும் 2009இலும் தொடங்கியது. நூலைக் கையில் எடுத்துத் தாளையும் அச்சகத்தையும் பார்த்தால் எந்தச் சுற்று என்று அக்கா சொல்லிவிடுவார். ஆனால் வருடம் சித்திரையில் பிறக்கிறது. 1949இல் பிறந்த விரோதியின் தை மாதம் 1950இல். பதிவுகளை முதலில் தட்டச்சு செய்தவர்கள் இதைக் கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் 1949 போட்டிருந்தார்கள். இப்போது அச்சில் உள்ளது ஒரு புலம், அடுக்குவதற்கான ஆண்டு இன்னொரு புலம். பெயருக்குச் செய்த அதே ஏற்பாடு.

இடப்பெயரில் வடிகட்டி சிரிப்பாகவே இருந்தது. லண்டன், இலண்டன். ரொறன்ரோ, ரொறொன்ரோ, டொராண்டோ, தமிழகத்தில் அச்சிட்டவர் ஒருவகை, கனடாவில் அச்சிட்டவர் இன்னொரு வகை. "கொழும்பு", "கொழும்பு-6", "கொழும்பு 06". இவற்றை ஒரு ஒத்தபெயர் அட்டவணையால் சேர்த்தோம். தேடலில் சொல்முதல் 'ரா'வையும் 'இரா'வையும் ஒன்றாக எண்ணும்படி வைத்தோம், இல்லாவிட்டால் ராமநாதன் என்று அடிக்கிறவருக்கு இராமநாதன் கிடைக்க மாட்டார்.

வகைப் பெட்டிக்கு வருவோம். அதில் மிகப் பெரிய பிரிவு "இதர". திறந்து பார்த்தால் அத்தனையும் மலர்கள். பாடசாலை நூற்றாண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், மணிவிழா மலர், ஒருவர் காலமானால் அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலர். இந்த ஊர்ப் பேராசிரியர்களின் நல்ல கட்டுரைகள் பல அவற்றுக்குள்தான் இருக்கின்றன. ஆய்விதழுக்குக் கொடுத்தால் இரண்டு வருடம், கோயில் மலருக்குக் கொடுத்தால் திருவிழாவுக்குள் அச்சு. பிப்டெக்கில் மலர் என்று ஒரு வகை இல்லை, இருக்கவும் நியாயமில்லை. நாங்கள் உருவாக்கினோம். வெளியே கொடுக்கும்போது மட்டும் தொகுப்பு நூலில் உள்ள கட்டுரை என்று மாற்றிக் கொடுக்கிறோம். என் கணக்கில் இந்தத் திருத்தத்துக்குத்தான் பாராட்டு அதிகம் கிடைத்தது. மலர்களைத் தனியே பார்க்கலாம் என்று தெரிந்ததும் பழைய மாணவர் சங்கங்கள் தங்கள் மலர்களைப் பையில் போட்டுக்கொண்டு வரத் தொடங்கின.

தேடல், திரை, வேகம்

"யாழ்ப்பாணம்" என்று அடித்தால் "யாழ்ப்பாணத்து வாழ்வியல்" வராது, மகரம் கெட்டு 'த்து' வந்துவிட்டது. "ஈழத்து" என்று அடித்தால் "ஈழத்துத் தமிழ்" என்பதில் உள்ள "ஈழத்துத்" வேறு சொல். முழுமையான சொற்பகுப்பானை வைக்க எங்களுக்கு வசதி இல்லை. சொல்லிறுதியில் க், ச், த், ப் இருந்தால் கழற்று, மகர ஒற்று இருந்தால் கழற்று, மிச்சத்தை முன்னொட்டாகத் தேடு. இவ்வளவுதான். சில வேளை வேண்டாததும் வரும். வேண்டியது வராமல் இருப்பதைவிட அது மேல் என்பது என் கட்சி, மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

எக்ஸிபிட் எல்லாப் பதிவையும் உலாவிக்குள் இறக்கி அங்கேயே எண்ணிக் கணக்குப் போடும். சில நூறு பதிவுக்கு அது கச்சிதம். இரண்டாயிரத்தை நெருங்கும்போது ஒரு மலிவுப் போன் திணறும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சொடுக்குக்குப் பிறகு மூச்சு வாங்கும். வல்வெட்டித்துறையிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி ஒருத்தி போனில் திறந்து காட்டினாள். பஸ் நெல்லியடியைத் தாண்டியும் பக்கம் வரவில்லை என்றாள்.

ஆகவே எக்ஸிபிட்டை விட்டோம். இப்போது ஒவ்வொரு பதிவும் முன்கூட்டியே செய்து வைத்த ஒரு சாதாரணப் பக்கம், தனக்கென்று நிலையான முகவரியோடு. தேடலுக்கு மட்டும் ஒரு சிறிய சுட்டிக் கோப்பு இறங்கும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் பட்டியல் வாசிக்கலாம். கூகிள் ஸ்கொலர் தேடும் தலைப்பு, ஆசிரியர், ஆண்டுக் குறிப்புகளை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வைத்தோம். எக்ஸிபிட்டில் அந்தப் பக்கங்களே இல்லாதபடியால் வைக்க இடமும் இருக்கவில்லை. வடிகட்டிப் பெட்டிகளை அப்படியே வைத்துக்கொண்டோம். அந்த யோசனையில் பிழை இல்லை.

அச்சுக்கலையில் ஒன்று. மேற்கோள் பாணிகள் நூற்பெயரைச் சாய்த்துக் காட்டும். தமிழ் எழுத்துருக்களில் சாய்வு பெரும்பாலும் கிடையாது. உலாவி தானாகச் சாய்த்துக் காட்டும்போது மழையில் நனைந்த வேலி போல இருக்கும். தமிழ்த் தலைப்பென்றால் சாய்வை நீக்கித் தடித்த எழுத்து, ஆங்கிலத் தலைப்பென்றால் சாய்வு. இதற்கு ஒவ்வொரு தலைப்பின் மொழியையும் குறித்து வைக்க வேண்டும், அக்கா குறித்தார்.

எல்லாவற்றையும் அக்கா குறித்தார் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவருக்குப் பிடித்த கருவி எக்செல். அதைப் பறிக்கக்கூடாது என்று முதலே முடிவெடுத்திருந்தேன். ஆகவே மூலத் தரவு எக்செல் தாளில், அதிலிருந்து இரவில் நிரல் பக்கங்களைச் செய்யும். ஆனால் எக்செல்லும் சும்மா விடவில்லை. கட்டுரைப் பக்கம் 5-12 என்று அடித்தால் டிசம்பர் 5 ஆக்கிவிடும். ஒரு மலரின் கட்டுரைகள் பாதி திகதிகளில் கிடந்தன. நெடுவரிசையை முன்கூட்டியே எழுத்து வகையாக்கிப் பூட்டினோம். சிஎஸ்வியாகச் சேமித்து மறுபடி திறந்தால் தமிழ் முழுவதும் தொப்பி போட்ட லத்தீன் எழுத்துகளாக வரும். கோப்பின் தலையில் யூனிகோடு அடையாளம் இல்லாதது காரணம். அதையும் நிரலே போடுகிறது இப்போது. அக்காவுக்கு இது ஒன்றும் தெரியத் தேவையில்லை, தெரியவும் இல்லை.

மிச்சம்

திறந்து வைத்த கிழமை மாணவர் மூன்று பேரை உட்கார்த்தி, ஐந்து நூலைத் தேடிப் பிடிக்கச் சொன்னோம். அதில் ஒன்று வேண்டுமென்றே வைத்த "சுவாமி ஞானப்பிரகாசர்". ஒருவர் 'சு'வில் தேடினார், மற்ற இருவரும் 'ஞா'வில் போனார்கள். அன்று பின்னேரமே 'சு'விலும் ஒரு வரி போட்டு 'ஞா'வுக்குத் திசை காட்டினோம். காகித அட்டை நூலகத்தில் இது இருந்தது என்று அக்கா சொன்னார். "பார்க்க" என்று சிவப்பு மையில் எழுதி வைப்பார்களாம்.

புனைபெயர்கள் இன்னும் தீரவில்லை. ஒரு புனைபெயரை இரண்டு பேர் வெவ்வேறு காலத்தில் பாவித்திருக்கிறார்கள். உரிமை யாருக்கு என்பதில் இரண்டு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இப்போதைக்கு அந்தப் புனைபெயருக்கே ஓர் எண் கொடுத்து, ஆள் பக்கத்தோடு இணைக்காமல் விட்டிருக்கிறோம். சிங்களத்தில் உள்ள பதிவுகளுக்குத் தமிழ் அடுக்கில் எங்கே இடம் என்பதும் திறந்தபடி. இரண்டையும் அடுத்த கூட்டத்துக்கு வைத்திருக்கிறோம். மாஸ்டர் தன் முப்பது வருடக் கட்டுரைப் பட்டியலைக் கையெழுத்தில் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார், தனக்கு எத்தனையாவது எண் என்றும் கேட்டார்.